சிவப்புத் தாள் மட்டும்

சாயப்பட்டறையில் அன்று எனக்கு மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். வேலை நிலைக்குமா என்று மாலையில் சாய மாஸ்டர் சொல்வார். என்னைச் சேர்த்துவிட்டவர் இயந்திரம் ஓட்டும் சித்தப்பா.

முந்நூறு கிலோ பருத்தித் துணி நீலச் சாயத் தண்ணீரில் சுழன்றுகொண்டிருந்தது. சாயம் துணியில் ஏற நடுநிலை உப்பு போட வேண்டும். பிறகு சோடா போட்டால் நிறம் நிலைக்கும். அமில உப்பைப் போட்டுவிட்டால் சோடாவின் காரம் அதிலேயே செத்துப்போகும். அலசும்போது நீலம் சாக்கடைக்குப் போய்விடும்.

உப்பு மூட்டையில் சீட்டு நனைந்து எழுத்து அழிந்திருந்தது. சித்தப்பா கிண்ணத்தில் ஒரு பிடி கரைத்து, காரம் பட்டால் நீலமாகும் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தார். அது சிவப்பாகவே இருந்தது.

“மாறலை. நடுநிலைதான், கொட்டலாம்.”

எப்போதோ உப்பில் சோடா கலந்து ஒரு லோடு கெட்டதாம். அன்றிலிருந்து காரம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது இங்கே பழக்கம். ஆனால் கம்பளிச் சாயத்துக்கு வாங்கிய அம்மோனியம் சல்பேட்டும் அதே மூலையில்தான் இருந்தது. அதுவும் வெள்ளை. அமில உப்பு. சிவப்புத் தாள் அதற்கும் அசையாது; நீலத் தாள்தான் சிவக்கும்.

சொன்னால், பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் முன்னால் சித்தப்பாவுக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் துணி போகும், பழியும் அவர் தலையில்தான் விழும்.

“சித்தப்பா, நீலத் தாளும் ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?”

மாஸ்டர் திரும்பினார். “அட, பேசுமா இது? மூணு மாசமா தலையாட்டித்தானே பாத்திருக்கேன்.”

சித்தப்பாவின் முகம் இறுகியது. “பதினெட்டு வருசமா இப்படித்தாம்மா பாக்கறேன்.”

“தெரியும் சித்தப்பா. இது காரமா இல்லையான்னு மட்டுந்தான் சொல்லும். அமிலமா இருந்தாலும் மாறாது.”

நீலத் தாள் ஒன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். மிதந்தபடியே சிவந்தது.

சித்தப்பா மூட்டையின் வாயைக் கட்டினார். “பாதிதான் பாத்திருக்கேன் மாஸ்டர். தப்பு என்னுது.”

“துணிக்கு முன்னாடி உன் சாயம் வெளுத்துச்சேன்னு சந்தோசப்படுய்யா.” மாஸ்டர் என்னிடம், “நாளையிலிருந்து ஏழரைக்கு வந்துடு. நீ பாக்காம எந்த மூட்டையும் உள்ள போகக் கூடாது,” என்றார்.

சித்தப்பா கிண்ணத்தைக் கழுவி, வேறொரு மூட்டையைப் பிரித்து ஒரு பிடி கரைத்தார். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“ரெண்டையும் போடு.”

போட்டேன். சிவப்பு சிவப்பாக, நீலம் நீலமாக இருந்தது.

“நடுநிலை,” என்றேன்.

“மெஷின் ஓடுதும்மா. கேக்கற மாதிரி சொல்லு.”

சொன்னேன். அவர் மூட்டையைத் தூக்கினார்.