தகைவிலான் நுழையாத கொட்டில்

"கழட்டுன்னா கழட்டு. உன் பொண்ணு காதுல எங்க வீட்டுத் தோடு—"

"நீயா வந்தே, நீயா போட்டே. ஊரே பார்த்துச்சு—"

"—இனி ஒரு நாள் தொங்கக் கூடாது."

"பார்த்த ஊருக்கு என் கிடாவைத்தான் அறுத்துப் போட்டேன். முதல்ல அதைக் கக்கிட்டு அப்புறம் பேசு."

உல்கானின் அடுப்படியில் சம்பந்திகள் இருவரும் இப்படித்தான், ஒருத்தி மூச்சு வாங்குவதற்குள் மற்றவள் புகுந்து, பேசிக்கொண்டிருந்தார்கள். போன அக்டோபரில் புருல் தன் மகன் எர்னாசருக்காக வந்து, உல்கானின் மகள் சாய்காலுக்கு வெள்ளித் தோடு மாட்டிவிட்டுப் போனாள். தோடு ஏறினால் நிச்சயம் ஆனது என்று பொருள். இந்த வருஷம் மந்தைகள் மலையிலிருந்து இறங்கியதும் கல்யாணம். இப்போது ஜூன் முதல் வாரம், தோட்டைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறாள். காரணம், உல்கானின் மாட்டுக் கொட்டிலில் இந்த வருஷம் தகைவிலான் குருவி கூடு கட்டவில்லை.

தகைவிலான் கட்டிய வீடு விளங்கும், விட்டுப்போன வீடு விளங்காது என்பதில் அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சந்தேகமில்லை. உல்கானுக்கும் இல்லை, அதுதான் சங்கடம். ஏப்ரலில் அவை வந்தன, கொட்டிலைச் சுற்றிச் சுற்றிக் கத்தின, மூன்றாம் நாள் ஒன்றையும் காணவில்லை. அன்றிலிருந்து அவள் பால் கறக்கும்போதெல்லாம் தன் பாவங்களை எண்ணிப் பார்த்துவிட்டாள். பெரிதாக எதுவும் தேறவில்லை. அடுத்த வீட்டுக் கோழி ஒன்று மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

"என் கொட்டில்ல பதினோரு வருஷமா அதே ஜோடி," என்றாள் புருல். "அதே புருஷன், அதே பொண்டாட்டி. வேற முகம் பார்க்காத குடும்பம். இப்ப அஞ்சு குஞ்சு. ஏன் வருது? வீட்டுக்காரி மனசு சுத்தம்."

"மனசு எப்படியோ, நீ சாணி அள்ளி எத்தனை நாளாச்சுன்னு ஊருக்கே மணக்குது."

எர்னாசர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கைப் பாலாடையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அம்மாவைக் காரில் கொண்டுவந்து இறக்கியவன், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் நின்ற சாய்கால் அவனையே பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜாஸ்குல் வந்து நின்றாள். தலைநகரத்திலிருந்து நாலு வருஷமாகக் கோடைதோறும் வந்து, ஊர்க் கொட்டில்களில் தகைவிலான் கூடுகளை எண்ணிப் போகிறவள். இத்தனை படித்துவிட்டுக் குருவி எண்ணுகிறாளே, வீட்டில் கேட்க ஆளில்லையா என்று ஊர் அவளுக்காக வருத்தப்பட்டது.

"அக்கா, உங்க கொட்டிலைப் பார்த்துட்டேன். சொல்லிட்டுப் போலாம்னு—"

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே," என்று புருல் முந்திக்கொண்டாள். "நேத்து விடிய என் கொட்டில்ல வலை கட்டினியே, அந்த ஜோடியைப் பத்தி இவளுக்கு நீயே சொல்லு."

உல்கான் ஜாஸ்குலை மரியாதைக்குரிய மேல்பக்க விரிப்பில் உட்காரவைத்து, விருந்தாளிக்கு ஊற்றுவது போல அரைக்கோப்பைத் தேநீர் ஊற்றினாள்.

"நல்லா இருக்கு, பெரியம்மா. ஆண் கால்ல ஒரு வளையம் இருந்துச்சு. நான் போன வருஷம் மாட்டினது." ஜாஸ்குல் நோட்டைப் புரட்டினாள். "இந்த வீட்டுக் கொட்டில்ல வச்சு மாட்டினது."

"அது பதினோரு வருஷமா எங்க வீட்டுப் பறவை."

"இதுங்க நாலு வருஷம் இருந்தாலே பெரிசு. பழசு செத்தா புதுசு வந்து, அதே மண்கூட்டுக்குச் சேறு பூசி உக்காந்துக்கும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்."

"ஜோடி மட்டும் மாறாது. குடும்பம்னா அது குடும்பம்."

"குஞ்சுக்கு இரை கொண்டுவர்றது ரெண்டும்தான், அதுல குறையில்ல. ஆனா எல்லாம் ஒரே அப்பனுக்குப் பிறந்ததுன்னு சொல்ல முடியாது. பக்கத்து உத்தரத்துல வால் நீளமா ஒருத்தன் இருந்தா, அஞ்சுல ஒண்ணு அவனுதா இருக்கலாம்."

"வேற முகம் பார்க்காத குடும்பம்," என்று உல்கான் பாலாடைக் கிண்ணத்திடம் சொன்னாள்.

புருலின் கழுத்து சிவந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். இங்கேர்ந்து ஏன் ஓடிச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"மாடு இருக்கு, ஈ இருக்கு, ஓடையில சேறு இருக்கு. கதவுக்கு மேல உடைஞ்ச கண்ணாடிச் சட்டம் ஒண்ணு இருந்துச்சு, அதுவழியாத்தான் போய் வந்துச்சு. இப்பப் புதுக் கண்ணாடி போட்டிருக்கு. கன்னு ஓடிடும்னு கதவும் சாத்தியிருக்கு. எதுவழியா நுழையும்?" அவள் எழுந்துகொண்டாள். "நான் முதல்ல வந்தப்ப ஊருல அறுபத்து மூணு கூடு. இப்ப நாப்பத்தொண்ணு. பாதிக் கொட்டில் கார் நிறுத்துற இடமாயிடுச்சு. பாவ புண்ணியம் எண்ணத் தெரியாது பெரியம்மா எனக்கு. ஓட்டையைத்தான் எண்ணுவேன்."

ஜாஸ்குல் அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டாள். எர்னாசரின் வாய் மெல்லுவதை நிறுத்தியிருந்தது.

உல்கானுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தோடு போட்ட அன்று புருல் தன் தேநீரிலிருந்து ஓர் ஈயை இரண்டு விரலால் எடுத்து, எல்லோருக்கும் காட்டி, விரிப்பில் துடைத்தாள்.

"கொட்டில் ஓட்டையை அடைக்க வக்கில்லாத வீடுன்னு அன்னைக்குச் சொன்னது யாரு? அதைக் கேட்டுத்தானே கண்ணாடி போட்டோம்."

"அடைன்னு நான் சொன்னேனா? வக்கில்லன்னுதான் சொன்னேன்."

"அப்ப அந்தப் பறவையை விரட்டினது என் பாவமா, உன் வாயா?"

புருல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, ஏதோ தானம் கொடுப்பவள் மாதிரி, "சரி விடு, சம்பந்தி," என்றாள். "தெரியாம நடந்துபோச்சு. தோடு கிடக்கட்டும். பொண்ணைக் குறை சொல்ல ஒண்ணுமில்ல."

உல்கான் அவள் கோப்பையை வாங்கி விளிம்பு தளும்ப ஊற்றி நீட்டினாள். அரைக்கோப்பை இருக்கச் சொல்வதற்கு. நிறைகோப்பை எழுந்து போகச் சொல்வதற்கு. புருலுக்குத் தெரியாததல்ல. கோப்பையைப் பார்த்தாள், உல்கானைப் பார்த்தாள்.

"நிறைய ஊத்திட்டே."

"ஆமா."

அவ்வளவுதான் உல்கான் நினைத்தது. கொஞ்ச நேரம் அவளைக் கோப்பையோடு தவிக்கவிட்டு, பிறகு சிரித்துச் சமாதானமாகலாம், கல்யாணம் நடக்கட்டும் என்று. மகள் காதுக்குக் கை போனதை அவள் பார்க்கவில்லை. பார்த்தபோது ஒரு தோடு கழன்று உள்ளங்கையில் இருந்தது.

"ஏய், இரு," என்றாள் உல்கான்.

சாய்கால் இரண்டாவதையும் கழற்றினாள். புருல் கை நீட்டினாள். சாய்கால் அந்தக் கையைத் தாண்டிப் போய் எர்னாசரின் தட்டில், மிச்சமிருந்த போர்சோக்குக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தாள்.

"ஏணி வச்சு ஏறி அந்தக் கண்ணாடியை மாட்டினது நீதானே. உங்க அம்மா என் வீட்டையே விளங்காத வீடுன்னு பேசுறப்ப வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே எர்னாசர், பயமா, இல்ல போர்சோக் ஆறிடும்னா?"