பாதியில் விட்ட அசர்

பக்கத்துத் தெருக் கண்ணகி கிணற்றில் விழுந்தபோது சுலைகா பீவி வீட்டுக்குள் சாயங்காலத் தொழுகையான அசரைத் தொழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசி மாதம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பாதையில் இருந்த அந்த ஊரில் முஸ்லிம் வீடுகள் எல்லாம் ஒரே தெருவில் அடங்கிவிடும். தெரு முடிகிற இடத்தில் அமிர்தலிங்கத்தின் கிணறு. அவருடைய வயலுக்கு மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைப்பதும் அதில்தான், பக்கத்துத் தெருப் பெண்களும் இந்தத் தெருப் பெண்களும் தண்ணீர் எடுப்பதும் அதில்தான். சுற்றிச் சுவர் கிடையாது. மழை பெய்தால் விளிம்பு முழுக்க வழுக்கும்.

முதலில் குடம் கல்லில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல். சுலைகா நான்கு ரக்அத்தில் இரண்டாவதில் இருந்தாள். இன்னும் பாதித் தொழுகை இருந்தது. முடித்துவிட்டுப் போகலாமா என்று மனம் ஒரு கணம் தடுமாறியது. அடுத்த கணம் தொழுகை விரிப்பை விட்டு இறங்கி ஓடினாள்.

அவள் பிறந்த ஊர் லெப்பைக்குடிகாடு. சிறுமியாக வெள்ளாற்றில் நீந்திப் பழகியவள். தயங்காமல் குதித்தாள். கண்ணகியின் கூந்தலைப் பற்றிக்கொண்டு, கல்லிடுக்கில் கால் ஊன்றி, ஆட்கள் கயிறு கொண்டு வரும்வரை அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருந்தாள். தூக்கிக் கரையில் போட்டபோது கண்ணகிக்கு மூச்சு இருந்தது. ஆனால் பின்மண்டையில் பலமான அடி.

சுலைகா வீடு திரும்புவதற்குள் பொழுது இறங்கிவிட்டது. ஈரச் சேலையை மாற்றி, விட்டுப்போன அசரைக் கழாவாகத் தொழுதாள்.

கண்ணகி கண் விழித்தாள், கஞ்சி குடித்தாள், புருஷன் முருகையனோடு பேசினாள். மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துபோனாள்.

அன்று முதல் சுலைகாவின் மாமியார் பாத்துமுத்து அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் ஒரு நாள் அடுப்படியில் நின்று கேட்டுவிட்டாள்.

"அல்லா முன்னாடி நின்னுட்டு, பாதியில முதுகக் காட்டிட்டு ஓடுனியே. அவ சாவணும்னு எழுதியிருந்திச்சு, செத்துட்டா. நீ ஓடுனதுல என்ன ஆச்சு? தொழுகை போனதுதான் மிச்சம்."

இதே கேள்வி சுலைகாவுக்குள்ளும் இருந்தது. புருஷன் தாவூது வெளியூர்ச் சந்தைக்குப் போனவர் திரும்ப நாளாகும். அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வாங்க மாமி, ஹஜ்ரத்துக்கிட்ட கேப்பம். ரெண்டு பேரும் கேப்பம்."

யூனுஸ் ஹஜ்ரத் பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்த இமாம். சுலைகாவைவிட வயதில் இளையவர். பள்ளிவாசலை ஒட்டிய அறையில் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு உசுரு போற மாதிரி இருந்தா தொழுகைய விட்டுட்டு ஓடணும்," என்றார். "அது எந்த மதத்து உசுரா இருந்தாலும் சரி. ஓடாம நின்னிருந்தாதான் குத்தம். கழா தொழுதாச்சுல்ல, அது போதும்."

பாத்துமுத்து விடவில்லை. "அப்ப கத்ர்? எழுதுனது எழுதுனதுதானே? அந்தப் புள்ளைக்காக நான் அழுது துஆ கேட்டேன். அதுவும் பலிக்கலியே."

ஹஜ்ரத் கதவுக்குக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"எழுதுனது உண்மைதாங்க. ஆனா என்ன எழுதியிருக்குன்னு நடக்கறதுக்கு முன்னாடி நமக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணக் காட்டி சும்மா இருக்க முடியாது. நாளைக்கு நம்மகிட்ட கேக்கப்போறது நாம என்ன செஞ்சோம்ங்கறதத்தான். உங்க துஆ எங்க போச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலங்க."

வெளியே வந்தபோது முருகையன் தெருவில் நின்றிருந்தான். மொட்டையடித்த தலை. இவர்களைத் தேடித்தான் வந்திருந்தான்.

"அக்கா, அன்னிக்கே அது போயிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்காது. அதுகிட்ட கோவமா பேசிட்டுத்தான் வயலுக்குப் போயிருந்தேன். கண்ணு முழிச்சதும் மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சுச்சு. அந்த ரெண்டு நாள் நீ குடுத்தது."

பாத்துமுத்து துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுலைகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணகிக்கு முன்னாலும் அந்தக் கிணறு ஆள் வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தெருவிலும் விதி என்று சொல்லிவிட்டு மறுநாளே குடத்தோடு போனார்கள். அவளும்தான் போனாள்.

"வா முருகையா," என்றாள். "நெலக்காரரப் பாத்துட்டு வருவம்."

அமிர்தலிங்கம் களத்தில் இருந்தார். கிணற்றுக்குச் சுவர் வைக்க வேண்டும் என்று கேட்டதும் முகம் சுருங்கியது.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தாம்மா இருக்கு. சுவர் வச்சா கவலை எப்படி எறைக்கிறது? அவ தலையெழுத்து, அதுக்குக் கெணறு என்ன பண்ணும்?"

"கவலை எறைக்கிற பக்கத்த விட்டுடுங்கய்யா. மத்த மூணு பக்கமும் வச்சாப் போதும்," என்றாள் சுலைகா. "தலையெழுத்த நான் இல்லேங்கல. சுவர் இல்லாததையும் தலையெழுத்துன்னு சொல்லாதீங்க. அது நாம வைக்காதது."

"பாப்பம்," என்று அவர் எழுந்து போய்விட்டார்.

சுலைகா காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் தரிசில் கிடந்த சுக்கான் கற்களைக் கூடையில் பொறுக்கிக் கொண்டுவந்து கிணற்றோரம் கொட்டினாள். முருகையன் மண் குழைத்தான். பக்கத்துத் தெரு அம்மாக்கண்ணு தண்ணீர் எடுக்க வந்தவள் குடத்தை இறக்கிவிட்டுக் கல் தூக்கினாள். பிறகு இரண்டு தெருப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். பள்ளிவாசல் பக்கமிருந்து சில ஆண்கள் பார்த்துவிட்டு, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று பேசியபடி போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முழங்கால் உயரம் எழும்பியபோது அமிர்தலிங்கம் வந்தார். சுவரைக் காலால் தட்டிப் பார்த்தார். ஒரு கல் பெயர்ந்து உள்ளே விழுந்தது.

"வெறும் மண்ணுல கட்டுனா ஒரு மழைக்கு நிக்காது," என்று கோபமாகச் சொன்னார். "எல்லாத்தையும் பிரிங்க. சுண்ணாம்பு அனுப்பறேன், கொத்தனாரையும் அனுப்பறேன்."

அன்றே வண்டியில் சுண்ணாம்பு வந்து இறங்கியது. சுவர் மறுபடி அடியிலிருந்து எழுந்தது. கொத்தனாருக்குச் சுலைகாவே கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் எடுத்துக் கொடுத்தாள். சந்தையிலிருந்து திரும்பிய தாவூது மூட்டையை வீட்டில் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல், அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டார்.

இடுப்பு உயரத்துக்குச் சுவர் முடிந்த அன்று பள்ளிவாசலிலிருந்து அசர் பாங்கு கேட்டது. சுலைகா வீட்டுக்கு வந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யச் செம்பை எடுத்தாள். பாத்துமுத்து கையில் ஒரு ஈர்க்குச்சியோடு அவள் எதிரே வந்து குந்தினாள்.

"நகத்துல சுண்ணாம்பு ஒட்டியிருந்தா தண்ணி படாது, ஒளு கூடாது. காட்டு கைய."

ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சுரண்டினாள். சுண்ணாம்பில் வெந்திருந்த இடத்தில் குச்சி பட்டு சுலைகா கையை இழுத்தபோது, கிழவி இன்னும் மெதுவாகச் சுரண்டத் தொடங்கினாள்.