நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்

"நாம காத்திருக்கச் சொன்னவங்க எல்லாம் இப்ப எங்கம்மா இருப்பாங்க?" என்று ஹலோக்காவின் ஏழு வயது மகள் கேட்ட நாளில், அப்படிக் காத்திருந்த பத்தொன்பது பேருடைய வீடுகளில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. முதல் கடிகாரம் நின்று பதினொரு மாதமாகியிருந்தது. ஹலோக்கா தலையைத் திருப்பினாள். கடையின் கம்ப்யூட்டர் திரையில் பத்தொன்பது பச்சைப் புள்ளிகள் மினுக்கிக்கொண்டிருந்தன. இருபதாவது அணைந்திருந்தது. அது வெகுநேரம் அணைந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கடை என்பது நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடும் இடம். அவள் கணவர் தொடங்கியது. கடைசியில் அவருக்கே நுரையீரல் கெட்டு, வாசற்படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியதாகி, வீட்டோடு தங்கிவிட்டார். கடையை அவளும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டார்கள். சாமான்களைக் கொண்டுபோய்ப் போட ஒரு வேன்காரர் இருந்தார். அசந்து தூங்குகிறபோது தோளைத் தொட்டாலும் அவள் "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் எழுந்திருப்பாள் என்று சொல்லி ஹலோக்கா என்ற பெயரை வைத்தவர் அந்த வேன்காரர்தான். கடையில் ஒரே ஒரு போன் இருந்தது. கட்டிலின் கைப்பிடி சுற்றவில்லை என்று ஒருவர் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், மூச்சுக்குத் தவிக்கிற வீட்டுக்காரர் அந்தக் கால் மணி நேரமும் எங்கேஜ்டு சத்தத்தைத்தான் கேட்டார். அது அவளை உறுத்தியது. அதனால்தான் இன்டர்நெட் போன் வைப்பது என்று முடிவாயிற்று.

ஒயர்க்காரர் வந்தார். யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, அதில் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளை ஏற்றினார். பழைய மேசைப் போன்கள் நான்கு வாங்கி, ரௌட்டரிலிருந்து நான்கு ஒயர் இழுத்தார்.

"நெட்டு போச்சுன்னா?" என்று கேட்டாள் நாத்தனார்.

"போனும் போச்சு. உங்க பழைய ஒயரை எலி கடிச்சப்போ மட்டும் என்ன, எலிகிட்டயா பேசினீங்க?"

"எத்தனை பேர் ஒரே நேரத்துல லைன்ல வரலாம்?"

"பத்து. பதினோராவது ஆளுக்கு எங்கேஜ்டுதான். சின்னக் கடைக்கு இது தாராளம்கா."

"பத்து பேரா!" என்று நாத்தனார் சிரித்தாள். "எங்க அண்ணன் கல்யாணத்துக்கே பத்து பேர்தான் வந்தாங்க. இல்ல, அண்ணி?"

வரவேற்புக் குரலை ஹலோக்காவே பதிவு செய்தாள். குரல் பேசுகிறவர்களை வைத்துப் பதிவு செய்தால் தனிக் கூலி. கட்டிலுக்கு ஒன்றை அழுத்துங்கள், சிலிண்டருக்கு இரண்டை அழுத்துங்கள், பொருளைத் திருப்பித் தர மூன்றை அழுத்துங்கள். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள். தயவுசெய்து இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். எழுதித் தந்ததை அவள் அப்படியே படித்தாள், ஆனால் தன் வீட்டுக்கு வந்தவரிடம் உட்காரச் சொல்கிற குரலில் படித்தாள். அதற்குப் பிறகு இந்தக் கடையில் நடந்ததைப் போல வேறு எந்தக் கடையிலும் அதே மென்பொருள் எதுவும் செய்யவில்லை என்பதை ஒயர்க்காரர் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு தையல்காரர் கூப்பிட்டு இரண்டை அழுத்தினார். அவர் மனைவிக்குச் சாயங்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹலோக்கா இன்னொரு போனில் பேசிக்கொண்டிருந்தவள், அவரை வரிசையில் வைத்து, அப்படியே மறந்துபோனாள். இரண்டு நாள் கழித்து அவர் கடைக்கு நடந்தே வந்தார்.

"என் போனை எடுத்துடாதீங்கம்மா. ரெண்டு நாளா லைன்லயே இருக்கேன்."

"ஐயோ, ரெண்டு நாளாவா? மன்னிச்சுடுங்கண்ணே, இதோ இப்பவே..."

அவர் குறுக்கே வந்து கைகூப்பி நின்றார்.

அவள் அவரோடு போய்ப் பார்த்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் செல்போன் சார்ஜரில் இருந்தது. அதிலிருந்து அவள் குரலே அவளை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. சிலிண்டரின் முள் அசையவில்லை. குழாயின் நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது, விழவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் சூடாவதில்லை என்றும், சாப்பாட்டை வெளியில் வாங்கிக்கொள்வதாகவும் அவர் சொன்னார். நன்றாக இருக்கிறவர்கள் அந்த வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம். கட்டிலில் இருந்தவள் மட்டும் அந்தப் போன் வரிசையில் சேர்ந்த நொடியிலேயே இருந்தாள். தலை தலையணையிலிருந்து சற்றே எழும்பியிருந்தது. ஒரு இருமல் பாதி வந்து நின்றிருந்தது. கண்கள் மட்டும் அசைந்தன. அவை ஹலோக்காவைப் பார்த்தன. ஹலோக்கா அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டாள். ஒரு போனை எடுக்காமல் இருப்பதைவிடச் செலவில்லாத உதவி உலகத்தில் ஏது என்று எண்ணி, கடவுளைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பினாள். அவள் மனதில் அழுக்கு இல்லை. இரக்கம் வழிதவறிப் போகும்போதும் அதன் முகம் மாறுவதில்லை, அதனால்தான் அதை அடையாளம் காண்பது கடினம்.

சேதி பரவ எத்தனை நாள் ஆகும்? மாதக் கடைசியில் பத்துப் புள்ளியும் பச்சையாயின. ஒயர்க்காரரைக் கூப்பிட்டுப் பத்தை இருபதாக்கினார்கள். நான்கே நாளில் இருபதும் நிறைந்தன. ஒரு மழைநாளில் இன்டர்நெட் நான்கு நிமிடம் போயிற்று. இருபது வீட்டிலும் நின்ற மூச்சு மறுபடி ஓடத் தொடங்கியது. ஒன்பது வீட்டில் அந்த நான்கு நிமிடத்துக்குமேல் ஓடவில்லை. மற்றவர்கள் விழுந்தடித்துக் கூப்பிட்டு மீண்டும் வரிசையில் சேர்ந்தார்கள், தையல்காரர் உட்பட. அதன்பின் கடையில் இரண்டு பேட்டரியும் இரண்டு இன்டர்நெட் இணைப்பும் வைத்தார்கள். காலியான இடங்கள் அன்று மாலைக்குள் நிரம்பின. யாராவது ஒருவர் தானாகத் துண்டித்தால், அல்லது ஒரு செல்போன் பழுதானால், அந்த ஓர் இடத்தின் வழியாகத்தான் உண்மையில் சிலிண்டர் வேண்டியவர் உள்ளே வர முடிந்தது. கடையில் வியாபாரமே இல்லை. நான்கு போனும் நாள் முழுக்க மௌனமாக மினுக்கின. வேன்காரர் வேனைக் கழுவினார், மறுபடியும் கழுவினார்.

"அண்ணி, இது நம்ம கடையா, இல்ல நிறுத்திவெச்ச உயிருங்களோட கிடங்கா?" என்று நாத்தனார் ஒருநாள் கேட்டாள்.

"எதைத் துண்டிக்கச் சொல்றே? நீயே ஒரு புள்ளியைக் காட்டு."

நாத்தனார் திரையைப் பார்த்தாள். விரலைத் தூக்கினாள். பிறகு மடக்கிக்கொண்டாள்.

மகள் அந்தக் கேள்வியைக் கேட்ட வாரத்தில்தான் மின்விசிறி ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் கடைக்கு வந்தார். தையல்காரருக்கு அடுத்த வீடு. சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை, களைத்துப்போயிருந்தார். "நாப்பத்தாறு தடவை போட்டேன்கா. நாப்பத்தாறு தடவையும் எங்கேஜ்டு. அப்புறம் வேற எங்கயோ அலைஞ்சு சிலிண்டர் கொண்டுவந்தேன். அதுக்குள்ள எங்க அண்ணன் போயிட்டாரு." கொஞ்ச நேரம் போன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க அவ்வளவு நேரம் யார்கிட்டக்கா பேசிட்டிருந்தீங்க?"

அவள் யாரிடமும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் வீட்டில் இருந்தபோது கணவருக்கு மூச்சு திணறியது. வீட்டுச் சிலிண்டர் தீர்ந்திருந்தது. நாத்தனார் தன் செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். வேன்காரரோ வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார். ஹலோக்கா தன் கடைக்கே போன் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடி போட்டாள். எங்கேஜ்டு. எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை. நாற்பத்தாறு என்று எண்ணியவரின் முகம்தான் ஒவ்வொரு தடவையும் கண்முன் வந்தது. கணவரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கிய நேரத்தில் மணி அடித்தது. நாத்தனார் எடுத்தாள். இருபது நிமிடத்தில் வேன் வந்தது. அவர் பிழைத்தார். முகமூடிக்குள்ளிருந்தே, "உன் கடையில சர்வீஸ் சரியில்லம்மா" என்றார்.

மறுநாள் தையல்காரர் கட்டிலைத் தன் செலவிலேயே வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். மனைவி நேற்றுக் காலை தவறிவிட்டாள் என்றார். ஹலோக்கா கம்ப்யூட்டரின் பதிவேட்டைப் பார்த்தாள். அவருடைய இணைப்பு பதினொன்று நாற்பதுக்கு முடிந்திருந்தது. அவள் வீட்டு எண் உள்ளே வந்ததும் பதினொன்று நாற்பதுக்கே.

"ஏண்ணே வெச்சீங்க?"

"பக்கத்து வீட்டுல சாவு விழுந்துதே. அந்தத் தம்பி போனைக் காதுல வெச்சுக்கிட்டே வாசல்ல உக்காந்திருந்தத நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்மா. அவளும் பதினொரு மாசமா கண்ணாலயே கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. எனக்குத்தான் காது கேக்கல." கட்டிலின் சக்கரத்தைக் குனிந்து சரிசெய்தார். "யாரோ ஒருத்தருக்கு லைன் கெடைக்கட்டும்னு வெச்சேன். கெடைச்சுதா?"

"கெடைச்சுதுண்ணே" என்றாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், எட்டு மாதம் கழித்து அவள் கணவருக்கு இன்னும் இரண்டு நாள் என்று டாக்டர் சொன்னபோது, அவள் வீட்டுப் போனை எடுத்துத் தன் கடையின் எண்ணைப் போட்டு இரண்டை அழுத்தினாள். அவளைக் குறை சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் அதிர்ஷ்டமாக ஓர் இடம் காலியாக இருந்தது; அவள் அதை அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள். எதிர்முனையில் அவள் குரலே அவளை வரிசையில் உட்காரவைத்தது. கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார். வாய் திறந்தபடி நின்றது. பகலில் கடையில் உட்கார்ந்து, திரையில் ஏழாவது புள்ளியாக மினுக்கும் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாத்தனார் அந்தப் புள்ளி இருக்கும் பக்கமே திரும்பமாட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உயரம் அளந்தார்கள். வீடு வரிசையில் சேர்ந்த நாலு மாதமாக அதே உயரம். அவள் தலைமுடிகூட வளரவில்லை. தோழிகள் தன்னை விட்டுவிட்டு வளர்ந்துபோவதாக அவள் அழுதாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள், அதுதான் ஹலோக்காவுக்குப் பயமாக இருந்தது. கணவரின் கண்கள் போன் இருந்த மேசையையே பார்த்தன. இந்தமுறை அதை நன்றி என்று எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணி. மகள் பள்ளியில் இருந்தாள். தெருவில் ஆளில்லை. ஹலோக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கணவரின் தலையணையைச் சரிசெய்து, கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த தன் குரலைக் கேட்டபடியே போனை அதன் இடத்தில் வைத்தாள். யாருக்காக வைக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் பார்க்கவும் இல்லை.

"...தண்ணி" என்றார் கணவர். அவள் கொடுத்தாள். அவர் இரண்டு மிடறு குடித்தார். மூன்றாவதைக் குடிக்கவில்லை.

அதே நேரம் கடையில் மணி அடித்தது. நாத்தனார் எடுத்தாள். பிறந்து ஒன்பது நாளான குழந்தைக்குச் சின்னச் சிலிண்டர் வேண்டும் என்று ஒரு பெண் அழுதாள். முதல் தடவையே லைன் கிடைத்துவிட்டது என்று நடுவில் ஒருமுறை சொன்னாள். நாத்தனார் முகவரியை எழுதிக்கொண்டு வேன்காரரைக் கூப்பிட்டாள். வேன் புறப்பட்டுப் போன பிறகுதான் திரையைப் பார்த்தாள். ஏழாவது புள்ளி இப்போது வேறொரு எண்ணைக் காட்டியது. அவள் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அண்ணன் வீட்டை நோக்கி நடந்தாள்.