கல்யாணப் படத்தில் ஒரு முகம்

ஸ்டூடியோக்காரர் வேலாயுதன் காகிதத்தைப் பிரித்ததும் பகவதியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சட்டம் போட்ட கல்யாணப் படம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் அரிசி வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குத் தகுந்த மாதிரி மகன் கோலப்பன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பட்டுப்புடவையில் மருமகள் ராஜமணி, அகலமான இரண்டு கண்களோடு.

ராஜமணி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இது ஆராக்கும் அத்தை?"

"நீதான் மக்களே. கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கச் சொன்னேன். மூக்கையும் லேசா எடுத்து விட்டிருக்காரு. நாளைக்குப் பிள்ளைகள் பாக்கணும்லா?"

குற்றம் சொல்ல முடியாத மாமியார். ராஜமணியின் அம்மா பர்மாக்காரி என்று நாஞ்சில்நாட்டுச் சொந்தமெல்லாம் முகம் சுளித்தபோது, மல்லுக்கு நின்று அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தவள். ஆளைப் பார்த்து இனம் பிரிப்பது அவளுக்கு ஆகவே ஆகாது. அன்று காலையில்கூட கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஒரு மலையாளத்துக்காரி, தமிழச்சி என்ற இளக்காரத்தில், "பாண்டிச்சி, நீங்ஙி நில்லு" என்று அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவளைப் பார்த்து! மத்தியானம்வரை வீட்டில் அதையே சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தாள்.

"எங்க அம்மைக்குப் படம் ஒண்ணும் கெடையாது அத்தை," என்றாள் ராஜமணி. "யுத்தத்துல ரங்கூன்லேருந்து நடந்து வரச்சில வழியிலேயே போயிட்டா. அவளைப் பாக்கணும்னு தோணினா கண்ணாடியத்தான் பாப்பேன். இதுல அவ இல்ல. பழையபடி மாத்தித் தரச் சொல்லுங்க."

வேலாயுதன் தலையைச் சொறிந்தார். "நெகட்டிவையே சுரண்டியாச்சல்லோ அம்மா. இனி பழசு வராது."

"போகட்டும் மக்களே. உன்னை இங்க ஆரு பர்மாக்காரின்னு நெனைக்கா? நீ நம்ம ஆளுல்லா!" பகவதியம்மாள் அவள் கன்னத்தைத் தடவினாள். அன்பாகத்தான் தடவினாள். ராஜமணிக்கு அம்மாவை இன்னொரு தடவை வழியில் விட்டுவிட்டு வந்தது போலிருந்தது. படம் கூடத்துச் சுவரில் ஏறியது.

கல்யாணத்துக்கு வர முடியாமல் போன சொந்தக்காரி முத்தாரம்மாள் அடுத்த வாரம் சுசீந்திரத்திலிருந்து வந்தாள். நேரே படத்தின் கீழே போய் நின்றாள்.

"கண்ணு என்ன கண்ணு! மகாலட்சுமியில்லா!"

பகவதியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜமணி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். முத்தாரம்மாள் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பகவதியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"இது ஆரு? மருமக எங்க, கோயிலுக்குப் போயிருக்காளா?"

பகவதியம்மாள் படத்தைப் பார்த்தாள். ராஜமணியைப் பார்த்தாள்.

மற்றத் தம்ளரை மாமியாரிடம் நீட்டியபடி ராஜமணி நின்றாள். அவளுடைய சின்னக் கண்கள் மாமியார் முகத்தைவிட்டு அசையவில்லை.