சேவல் படம் போட்ட இடத்தில் கிடைக்கும்

யாழ்ப்பாணத்தில் தியாகலிங்கத்தின் அச்சகத்தைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. வாசலில் ஒரு சேவல் படம் இருந்தது. "சேவலிலை குடுத்தனான்" என்றால் ஊருக்கே விளங்கும். அவர் அச்சடிப்பார், மனைவி புஷ்பவதி தைத்துக் கட்டுவாள். சேவல் போட்டு வெளியே போன புத்தகத்தில் ஒரு தாள்கூட இடம் மாறி இருந்ததில்லை. அதுதான் அவருடைய பெருமை. போரில் ஷெல் குண்டு விழுந்த அன்றோடு அச்சகமும் போனது, அவரும் போனார்.

நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்த பிறகு புஷ்பவதி மவுண்ட் வெல்லிங்டனில் அட்டைப்பெட்டி மடிக்கப் போனாள். புத்தகம் தைக்கும் ஊசியைத் தொடவில்லை. அவளுடைய தம்பி பிரதாபன் சான்ட்ரிங்ஹாமில், மளிகைக் கடைகளுக்கு நடுவே, போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு அங்கே மார்கரெட் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். பியானோவுக்கு மூத்த ஹார்ப்சிகார்ட் என்னும் வாத்தியம் வாசிப்பவள். கொண்டுவந்தது ஐரோப்பாவில் முந்நூறு வருடத்துக்கு முன் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட இசை. நாலு பேர் வீட்டு அறைக்குள் உட்கார்ந்து வாசிப்பதற்கானது. பிரதி எடுத்து, கட்டி, தேவாலய மண்டபக் கச்சேரியில் விற்க வேண்டும்.

"கட்டுறதுக்கு என்ர அக்கா இருக்கிறா" என்று பிரதாபன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"என்னைக் கேட்டனியோடா?"

"கேட்டா மாட்டன் எண்டிருப்பாய். அதுதான் கேக்கேல்லை."

மார்கரெட் ஆங்கிலத்தில் ஒரு விஷயம் சொன்னாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு எண் கிடையாது. ஆகவே இன்ன தெருவில், வயலின் படம் தொங்கும் கடையில் கிடைக்கும் என்று இசைப் புத்தகத்தின் முகப்பிலேயே அச்சடிப்பார்களாம். "நாமும் அப்படியே செய்வோம். உங்களிடம் ஏதாவது படம் உண்டா?"

புஷ்பவதி வாய் திறக்குமுன் பிரதாபன், "சேவல்!" என்றான்.

அவள் அவனை முறைத்தாள். ஆனால் வீட்டுக்குப் போய், அத்தனை வருடத்துக்குப் பிறகு, சேவலைத் தன் கையாலேயே வரைந்தாள். 'லின்ஃபீல்டில், சேவல் படம் போட்ட இடத்தில் கிடைக்கும்' என்ற வரியும் கீழே அவளுடைய வீட்டு விலாசமும் முகப்பில் ஏறின.

தாள்கள் நாலு கட்டாக வந்தன. நாலிலும் அதே முகப்பு. மூலையில் மட்டும் கட்டுக்குக் கட்டு மாறும் ஏதோ இத்தாலியச் சொல். பிரதாபன் நித்திரைக் கலக்கத்தில் முகப்பை நாலு தரம் எடுத்துவிட்டான் என்று நினைத்து, புஷ்பவதி முதல் முகப்பை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் கழித்தாள். நாலு கட்டையும் ஒன்றாகத் தைத்தாள். கணவரோடு அவள் கட்டிய கீர்த்தனைப் புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான். பாடுகிறவருக்கும் வயலினுக்கும் ஒரே சுரம், ஒரே புத்தகம். இது வேறு மாதிரி என்று சொல்ல மார்கரெட்டுக்குத் தோன்றவில்லை. கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

கச்சேரி நாளன்று மண்டபத்தில் மார்கரெட் புத்தகத்தைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஐயோ, இவை நாலு தனிப் புத்தகங்கள்!" என்றாள். முதல் வயலினுக்கு ஒன்று, இரண்டாம் வயலினுக்கு ஒன்று, பெரிய வயலின் போன்ற செல்லோவுக்கு ஒன்று, ஹார்ப்சிகார்டுக்கு ஒன்று. ஆளுக்கு ஒன்றை எடுத்து விரித்தால்தான் சேர்ந்து வாசிக்கலாம். இங்கே நாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே முதுகில் தைக்கப்பட்டிருந்தன.

புஷ்பவதி பிரதாபனை இழுத்து முகப்பைக் காட்டினாள். முகப்பில் சேவல் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"விக்க வேண்டாமெண்டு சொல்லடா. பிரிச்சுத் திருப்பித் தைச்சுக் குடுக்கிறன். அத்தான்ர சேவல் பிழைப் புத்தகத்திலை நிக்கக் கூடாது."

"அத்தான் இருந்தா இப்ப என்ன செய்வார்?"

"முதல்லை உன்ரை காதைத் திருகுவார்."

மார்கரெட் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். "பிரதிதான் நிறைய இருக்கிறதே, முதலில் வாசிப்போம்" என்றாள். நாலு பேரும் ஆளுக்கொரு புத்தகத்தைத் தத்தம் வாத்தியத்துக்குரிய பக்கத்தில் திறந்து வைத்தார்கள்.

புஷ்பவதி அப்படி ஒரு சங்கீதம் கேட்டதில்லை. ஒரு வயலின் ஓடியது. மற்றது எட்டிப் பிடித்து, தாண்டி, திரும்பிப் பார்த்தது. செல்லோ அடியில் நிதானமாக நடந்தது. ஆளுக்கொரு பாதையில் போனவர்கள் கடைசியில் ஒரே வாசலில் வந்து நின்றார்கள். அவளை அறியாமலே அவள் கால் தாளம் போட்டது.

கைதட்டல் அடங்கியதும் மார்கரெட் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "ஒரு புத்தகத்தை மட்டும் வாங்கினால் பயனில்லை. இதே புத்தகம் வைத்திருக்கும் இன்னும் மூன்று பேர் உங்களுக்கு வேண்டும்."

புஷ்பவதி தலையைக் குனிந்துகொண்டாள். இனி யார் வாங்குவார்கள்?

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மனிதர், "என்னிடம் புல்லாங்குழல்தான் இருக்கிறது, பரவாயில்லையா?" என்றார்.

"வயலினோ புல்லாங்குழலோ, கையில் எது இருந்தாலும் சரி என்று அந்தக் காலத்து வியாபாரியே முகப்பில் போட்டிருக்கிறார்" என்றாள் மார்கரெட். "இல்லாவிட்டால் எப்படி விற்பது!"

அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்கள் முன்பின் தெரியாதவர்களிடம், "நீங்கள் செல்லோவா? நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்" என்று ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒரு பாட்டுக்காரி, எதுவும் வாசிக்கத் தெரியாமலே, பக்கம் புரட்டச் சேர்ந்துகொண்டாள். மேசையில் ஒரு புத்தகமும் மிஞ்சவில்லை.

"அக்கா, அடுத்ததையும் பிழையாவே கட்டு" என்றான் பிரதாபன்.

"அடுத்தது நாலாத்தான் வரும். வாயை மூடு."

அடுத்த ஞாயிறு காலை லின்ஃபீல்டில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் புல்லாங்குழல்காரர். அவருக்குப் பின்னால் வயலினோடு ஒரு பெண், பெரிய செல்லோப் பெட்டியோடு ஒரு இளைஞன், மின்சாரக் கீபோர்டைக் கட்டிப்பிடித்தபடி இன்னொருவர். எல்லார் கக்கத்திலும் அந்தப் புத்தகம்.

"சேவல் இடம் இதுதானே?" என்றார் புல்லாங்குழல்காரர். ஞாயிறு காலை என்று பேசிக்கொண்டவர்கள் எங்கே கூடுவது என்று பேச மறந்துவிட்டார்களாம். நாலு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த விலாசம் முகப்பில் இருந்தது ஒன்றுதான்.

புஷ்பவதி கார் நிறுத்தும் கராஜைத் திறந்துவிட்டாள். அவர்கள் தாள்கட்டுகளுக்கு நடுவே கதிரைகளைப் போட்டுச் சுருதி சேர்த்தார்கள். அவள் ஒரு அட்டையில் சேவலைப் பெரிதாக வரைந்து கராஜ் கதவில் ஒட்டினாள். கொண்டைக்குச் சிவப்பு அடித்தாள்.

வீட்டுக்குள்ளேயிருந்து பிரதாபன் கூப்பிட்டான். "அக்கா, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போட?"

"புத்தகம்தான் எல்லாருக்கும் ஒண்டு" என்றாள் புஷ்பவதி. "சீனி ஆளாளுக்கு வேறை. கேட்டுப் போடு."