லிஃப்ட்டில் அக்காவின் எடை

தரையில் நின்றால் நாற்பத்தெட்டு கிலோ இருக்கும் மெக்கானிக்கின் அக்கா, லிஃப்ட்டுக்குள் காலை வைத்ததும் அறுநூற்று நாற்பது கிலோ ஆனாள். லிஃப்ட்டில் கோளாறு எதுவும் இல்லை. அந்த ஐந்து மாடிக் கட்டிடத்தில் அதைப் பொருத்தியவனே மெக்கானிக்தான். ஒவ்வொரு போல்ட்டும் அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. எட்டு பேர் ஏறலாம், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ தாங்கும். கூண்டின் தரைக்கு அடியில் நான்கு ரப்பர் கட்டைகளும் நடுவில் ஓர் எடைமானியும் இருக்கின்றன. பாரம் கூடினால் ரப்பர் அமுங்கும், அது எத்தனை அமுங்கியது என்று எடைமானி பார்த்துச் சொல்லும், அளவு மீறினால் மணி அடிக்கும், மணி நிற்கும்வரை கதவு மூடாது. அவ்வளவுதான் அதன் மூளை. மெக்கானிக் தான் ஏறிப் பார்த்தான்: எழுபத்திரண்டு. இரண்டாம் மாடிப் பல் டாக்டரை வீங்கிய கன்னத்தோடு இருந்த மூன்று நோயாளிகளுடன் ஏற்றிப் பார்த்தான்: சரியாக இருந்தது. பத்து சிமெண்ட் மூட்டைகளை ஏற்றினான்: ஐந்நூறு, ஒரு கிராம் பிசகவில்லை. அக்கா ஏறினாள், மணி அடித்தது.

அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். பத்தொன்பது வயதில் தாய் தகப்பனை இழந்து, தம்பியையும் தங்கையையும் வளர்த்து, நாற்பது வருடங்களாக அந்தத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தெர்மாமீட்டருக்கு முன்னால் போய் நின்றவள். ஐந்தாம் மாடி முழுக்க ஒரு திருச்சபை. அங்கே நாற்காலி போடுவது, எடுப்பது, மைக் சரிபார்ப்பது, அழுகிறவர்களுக்குக் கைக்குட்டை தருவது எல்லாம் அவள் வேலை. இரட்சிப்பு விசுவாசத்தால்தான் வருகிறது, நற்செயல்களால் அல்ல என்று போதகர் வாரம் தவறாமல் சொல்லிவந்தார். அந்த வாக்கியத்தைப் பெரிய துணியில் பூவேலையோடு தைத்து மேடைக்குப் பின்னால் மாட்டியவளும் அக்காதான். மூன்று வாரம் கண் விழித்துத் தைத்தாள். அந்த நற்செயல் மட்டும் முந்நூறு கிராம் இருக்கும் என்று பிற்பாடு மெக்கானிக் கண்டுபிடித்தான்.

படி ஏறி ஏறியே அவள் முழங்கால்கள் தேய்ந்தன. அவளுக்காகவே சபையார் லிஃப்ட் வைத்தார்கள், அவளையே ரிப்பன் வெட்டச் சொன்னார்கள். கைதட்டலுக்கு நடுவில் மணி அடித்தது. அன்றிலிருந்து ஆறு மாதம் அவள் தரைத்தளத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, படிக்கட்டில் தொங்கவிட்ட ஒலிபெருக்கியில் ஆராதனையைக் கேட்டாள். நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகலாம் என்று நான்கு பேர் வந்தார்கள். தெருவில் நாற்காலி பஞ்சாகத்தான் இருந்தது. மூன்றாம் படியில் நான்கு பேரும் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆக, அக்கா கனப்பது லிஃப்ட்டில் மட்டுமல்ல, மேலே போகிற எதிலும் என்பது தெரிந்தது. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம், இவளுக்கு இது.

அப்போதுதான் தங்கை திரும்பி வந்தாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அக்காவின் நல்ல சூட்கேஸை எடுத்துக்கொண்டு போனவள். ஒரு கடிதம் கிடையாது, ஒரு போன் கிடையாது. ஒரு சனிக்கிழமை மதியம் அதே சூட்கேஸோடு, பிடி மட்டும் உடைந்திருக்க, வந்து நின்றாள். மறுநாள் ஐந்தாம் மாடிக்குப் போனாள். லிஃப்ட் அவளை ஐம்பத்தைந்து கிலோ என்று ஏற்றிக்கொண்டது. பிரசங்கத்தைக் கேட்டாள், அழுதாள், நம்பினாள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஞானஸ்நானம் என்று போதகர் நாள் குறித்தார். அக்கா பக்கத்தில் நிற்காமல் தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

மெக்கானிக்குக்கு ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை அவன் கருவிப்பெட்டியோடு போனபோது அக்கா ஸ்டூலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷம் அவ எங்க சுத்தினாளோ தெரியாது. ஒரே வாரத்துல அவ ரெடி. நான் நாப்பது வருஷமா ஓடுறேன், எனக்கு மணி அடிக்குது. இது என்னடா நியாயம்?"

"நியாயம் எனக்குத் தெரியாதுக்கா. எடை எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறேன்."

"ஒண்ணு கேக்கிறேன், சிரிக்காதே." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நான் செத்து மேல போறப்பவும் இப்படித்தான் மணி அடிக்குமா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஸ்பானரைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

கனப்பது பாவமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். அக்கா போதகரைக் கீழே வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ராத்திரி டியூட்டியில் பத்து நிமிஷம் கண் அசந்தது, ஊசி வலிக்காது என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் பொய் சொன்னது, பல் டாக்டரின் மனைவி பாடும்போது காதில் பஞ்சு வைத்தது. போதகர் ஜெபம் பண்ணினார். எடைமானி 640 என்றது. செவ்வாய்க்கிழமை கட்டிடக் காவலாளிக்குக் கண் மருந்து ஊற்றிவிட்டு வந்து ஏறினாள்: 640.3. மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் கட்டு மாற்றிவிட்டு வரச் சொன்னான்: 640.6. அப்படியானால் நல்லதைத்தான் நிறுத்த வேண்டும். புதன், வியாழன் இரண்டு நாளும் அக்கா கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தாள். தெருவில் கட்டுகள் அவிழ்ந்தன, குழந்தைகளின் சண்டைகள் தீர்ப்பில்லாமல் நீண்டன, அக்காவுக்குக் கை நமைச்சல் எடுத்தது. எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. வெள்ளிக்கிழமை, கெட்டது ஏதாவது செய்தால் கழியுமா என்று பார்க்க, அவளைப் பல் டாக்டரின் பூந்தொட்டியைத் திருட வைத்தான். கீழ்ப்படியில் இருந்ததால் அவளால் எடுக்க முடிந்தது. ஒரு கிராம் குறையவில்லை. ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் அவள் அதைத் திருப்பி வைத்தாள், கூடவே புதிதாக ஒரு தொட்டியையும். 641.

சனிக்கிழமை, படிக்கட்டு துடைக்கும் அம்மா வாளியோடு லிஃப்ட்டில் ஏறினாள். மெக்கானிக் சும்மா பார்த்தான்: வாளியோடு சேர்த்து அறுபத்தாறு. இந்த அம்மா, படுத்த படுக்கையான பக்கத்து வீட்டுக்காரியைப் பதினோரு வருடமாகத் தினமும் குளிப்பாட்டுகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். நல்லது கனம் என்றால் இவள் கேபிளை அறுத்திருக்க வேண்டும்.

"அம்மா, லிஃப்ட்ல ஏறினா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் என்னப்பா பண்றது? நிக்கிறேன். அது கூட்டிட்டுப் போகுது. நீதானே மாட்டினே, உனக்கே தெரியாதா?"

அவன் அவள் காலைப் பார்த்தான். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. உடனே அக்காவின் கால் அவன் ஞாபகத்துக்கு வந்தது. லிஃப்ட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அக்கா எப்போதும் குதிகாலைத் தூக்கி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். தன்னால் ஆன உதவியை அதற்கும் செய்துகொண்டிருந்தாள். குதிகாலைத் தூக்கினால் எடைமானிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதை எந்த மெக்கானிக்கும் சொல்வான். ஆனால் தரையில் நாற்பத்தெட்டும் லிஃப்ட்டில் அறுநூறும் இருக்கிற ஒரு பெண்ணின் விஷயத்தில் எதையும் தள்ளிவிட முடியாது என்று அவன் நினைத்தான்.

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா வந்தாள். தங்கைக்கு வெள்ளை உடை தைத்து முந்தின நாளே மேலே அனுப்பியிருந்தாள். இப்போது தலை துவட்டத் துண்டுகள், மாற்று உடை, நூறு பேருக்கு ரொட்டி, இரண்டு பெரிய பிளாஸ்க். எல்லாவற்றையும் கீழே வைக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக் அவளை ஏற்றினான். 652. மணி அடித்தது. மேலே பாட்டு நின்றது. ஐந்து மாடியும் படியில் இறங்கித் தங்கை வந்தாள், வெள்ளை உடையில், வெறுங்காலோடு.

"அக்கா, தண்ணி ஆறிடுச்சு. வா."

"வரத்தானே பாக்கிறேன்? உன் அண்ணன் மாட்டின லட்சணம் அப்படி."

மெக்கானிக் கூண்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தான். லிஃப்ட் எப்படி வேலை செய்கிறது என்று அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. இப்போது சொன்னான். மேலே ஒரு சக்கரம், அதன் மேல் கேபிள். கேபிளின் ஒரு முனையில் இந்தக் கூண்டு, மறு முனையில் சுவருக்குப் பின்னால் இரும்புப் பாளங்கள், எதிர் எடை. மோட்டார் சக்கரத்தைச் சும்மா தட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். "மேல போறதுக்கு நீ ஒண்ணும் தர வேணாம்க்கா. அங்க ஒண்ணு உனக்காகக் கீழ இறங்குது. அது இறங்குறதாலதான் நீ ஏறுறே."

"அப்போ நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கைப்பிடியை விடு. குதிகாலைக் கீழ வை."

அக்காவின் விரல்கள் கைப்பிடியில் வெளுத்திருந்தன. "ஒண்ணுமே பண்ணாம எப்படிடா போய் நிக்கிறது? வெட்கமா இருக்குடா."

"எனக்கும் வெட்கமாத்தான் இருந்துச்சு" என்றாள் தங்கை. "சூட்கேஸைத் தூக்கிட்டு ஓடினவ நான். அப்புறம் ஏறிட்டேன்."

அக்கா அவளுடைய வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு ஒரு விரல், இன்னொரு விரல் என்று கைப்பிடியை விட்டாள். குதிகால் தரையைத் தொட்டது. அடக்கிவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. நாற்பது வருட மூச்சு என்பதால் அது வர நேரம் பிடித்தது. எடைமானியில் எண்கள் ஓடின: 652, 500, 310, 120, 48. மணி நின்றது. தங்கை உள்ளே தாவினாள்: 103. கதவு மூடியது. பத்து மணிக்கு ஒரு நிமிஷம் முன்னால் இருவரும் ஐந்தாம் மாடியில் இருந்தார்கள். துண்டும் ரொட்டியும் கீழேயே கிடந்தன. தங்கை தண்ணீரிலிருந்து எழுந்ததும் துவட்டக் கையில் ஒன்றுமில்லாமல் அக்கா அவளைக் கட்டிப்பிடித்துத் தானும் நனைந்தாள்.

வருட முடிவில் சோதனைக்காக எதிர் எடையைக் கழற்றி எடை போட்டபோது, அது பொருத்திய நாளில் இருந்ததைவிட அறுநூற்று நான்கு கிலோ கூடியிருந்தது. பாளங்களின் எண்ணிக்கை மாறவில்லை. அத்தனை வித்தியாசத்தில் எந்த லிஃப்ட்டும் ஒழுங்காக ஓடாது. இது ஓடியது, முன்னைவிடச் சத்தமில்லாமல். மெக்கானிக் பாளங்களுக்கு எண்ணெய் தடவித் திரும்ப மாட்டினான். அக்கா இப்போதும் காவலாளிக்குக் கண் மருந்து ஊற்றுகிறாள், கட்டு மாற்றுகிறாள், முன்னைவிட அதிகமாகவே ஓடுகிறாள். எத்தனை செய்துவிட்டு ஏறினாலும் நாற்பத்தெட்டுதான், கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட நாட்களில் மட்டும் நாற்பத்தொன்பது. லிஃப்ட்டுக்குள் 'எட்டு பேர், 544 கிலோ' என்ற தகட்டுக்குக் கீழே மெக்கானிக் தன் கையெழுத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறான்: ஏறி நிற்கவும். குதிகால் தரையில் பதியட்டும். கைப்பிடியைப் பிடிக்கத் தேவையில்லை.