மாமனார் மாடியிலிருந்து இறங்கிய விதம்

வேங்கிக்காலில் வீடு கட்டியபோது மொட்டை மாடிக்கு இரும்பில் சுருள்படி போட்டோம். நடுவில் ஒரு கம்பம், அதைச் சுற்றிப் படிகள். "மலை சுத்துற ஊர்ல படியும் வலமாத்தான் சுத்தணும். ஏறச்சொல்ல கம்பம் சோத்துக்கை பக்கம் வரணும்" என்று மாமனார் அப்பாதுரை ஒற்றைக்காலில் நின்றார். அப்படியே செய்தாயிற்று. இறங்குவதைப் பற்றி அந்த மகானுபாவர் யோசிக்கவே இல்லை. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற என் கணவர் புகழேந்தியும்தான் யோசிக்கவில்லை.

தொண்ணூற்றெட்டில் கார்த்திகை தீபம். மலையுச்சியில் தீபம் தெரிந்ததும், எங்களோடு மாடியில் நின்றிருந்த மாமனார் அந்தக் கம்பத்தின் தலையில் ஓர் அகலை ஏற்றி வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சர்க்கரைக்காரர். சற்று நேரத்தில் அடிவயிறு முட்டிவிட்டது. கக்கூஸோ கீழே. முதல் படியில் காலை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார்.

"டேய், எறங்குனா தீபம் எடதுகை பக்கம் வருதே! சாமிய எடமா சுத்தறதா? மாட்டேன்."

"வெளக்க அந்தாண்ட எடுத்து வையேன் நைனா."

"ஏத்துன தீபத்த நகத்துவாங்களாடா?"

புகழேந்திக்கு உற்சாகம் வந்துவிட்டது, கேட்கவேண்டுமா! சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைய ஆரம்பித்தார். "தரையில போட்ட வட்டத்துக்கு வளைவு மட்டுந்தான் நைனா. இது மேலயும் ஏறுது இல்ல, அதனால முறுக்கமும் இருக்கு. தலைகீழா கவுத்தாலும் அந்த முறுக்கம் மாறாது. ஏறச்சொல்ல வலம்னா எறங்கச்சொல்ல எடந்தான். ரெண்டுக்கும் வலமா வர்ற படி ஒலகத்துலயே கெடையாது."

மாமனார் காலை மாற்றி மாற்றி வைத்தார். முகம் கோணிப்போயிற்று. "ஐயோ, புது வேட்டிடா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், பெரிய மனுஷன் துடிக்கிறார், இவர் பாடம் நடத்துகிறார்! "என்னாங்க, போதும் நிறுத்துங்க. மாமா, நீங்க படிக்கு முதுகு காட்டி நில்லுங்க. ஏறி வந்த மாதிரியே மொகத்த வச்சிக்கினு பின்பக்கமா எறங்குங்க. கம்பம் சோத்துக்கை பக்கமே இருக்கும்."

மாமனார் தன் வலது கையைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், கம்பத்தைத் தடவியபடி பின்னாலேயே கடகடவென்று இறங்கினார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

"ஆனா வள்ளி, போற தெச என்னவோ இன்னும் எடந்தா..." என்று ஆரம்பித்தார் புகழேந்தி. அவர் வாயைப் பொத்தினேன்.

கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கக்கூஸுக்குள்ளிருந்து, தெருவுக்கே கேட்கும்படி, நெஞ்சு நிறைந்த ஒரு குரல்:

"அண்ணாமலையாருக்கு!"

பக்கத்து மாடிகளில் நின்ற அத்தனை பேரும் மலையைப் பார்த்துக் கைகூப்பி, "அரோகரா!" என்றார்கள்.